எஞ்சின் ஒயில்: மண்ணெண்ணெய்க் காலத்துப் பாடங்கள் இன்றைக்குச் சரிவருமா?

சென்ற காலபோகத்துக்கு வயல் உழத் தொடங்கிய நாட்களில் ஒரு விவசாயி எனது கடைக்கு வந்தார். வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் குருமன்காடு, நெளுக்குளம் எல்லாம் தாண்டி வந்தால் பூவரசங்குளம். அங்கேதான் எனது உதிரிப்பாகக் கடை இருக்கிறது. வந்தவர் ஒன்றும் பேசாமல் தன் ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் நுனி கன்னங்கரேலென்று இருந்தது.

"நானா, முந்தநாள் மாத்தின ஒயில். இப்ப பாருங்கோ, கரி மாதிரிக் கறுத்துப் போச்சு. நீங்கள் தந்தது கள்ள ஒயிலோ?"

அவருடையது டீசல் உழவு இயந்திரம். அந்த நேரத்தில் என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. "ஓம் அண்ணை, கறுத்தால் மாற்றத்தான் வேண்டும்" என்று சொல்லி இன்னொரு கானை விற்றிருக்கலாம். அவரும் முணுமுணுத்துக்கொண்டே காசைத் தந்திருப்பார். அல்லது உட்காரவைத்து விளக்கம் சொல்லலாம். அதற்கு அரை மணி நேரம் போகும், விற்பனையும் நடக்காது. நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். அன்று அவருக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்ட சிலவற்றையும் இந்தப் பக்கத்தின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என நினைக்கிறேன். வாசகர்களில் பலர் கடை வைத்திருப்பவர்கள். இன்னும் பலர் மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ உழவு இயந்திரமோ வைத்து அதன் மூலம் தொழில் செய்பவர்கள். இரு சாராருக்கும் இது காசு சம்பந்தப்பட்ட விடயம்.

இந்த நம்பிக்கைகள் எங்கிருந்து வந்தன?

ஒயிலைப் பற்றி எங்கள் பகுதியில் உலாவும் நம்பிக்கைகள் முட்டாள்தனத்தில் பிறந்தவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் சந்திக்கு அருகில் கராஜ் வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவர் யுத்த காலம் முழுவதும் வன்னிக்குள் வேலை செய்தவர். 1990 இல் மீண்டும் போர் மூண்டு பொருளாதாரத் தடை வந்த பிறகு, பெற்றோல் என்பது மருந்து போல் துளிக்கணக்கில் பாவிக்கும் பொருளாகிவிட்டது என்று அவர் சொல்வார். கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். 2002 இல் தடை நீங்கி, ஏ9 வீதி திறக்கும் வரை இதுதான் நிலைமை.

பெற்றோலுக்காகச் செய்த எஞ்சினில் மண்ணெண்ணெயை எரித்தால் என்ன நடக்கும்? பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படியல்ல, அது ஆவியாவதற்கு ஏறத்தாழ 150 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஒயிலுக்குள் இறங்கும். பெற்றோல் இப்படி இறங்கினால்கூட, எஞ்சின் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். மண்ணெண்ணெய் போகாது, தங்கிவிடும். ஒயில் நாளுக்கு நாள் தண்ணீராகும்.

ஆகவே அந்தக் காலத்து மெக்கானிக்மார் மூன்று சட்டங்களை வைத்துக்கொண்டார்கள். கிடைக்கிற ஒயிலில் மிகத் தடிப்பானதை ஊற்று. சீக்கிரம் சீக்கிரமாக மாற்று. விரலில் தொட்டு, நிறத்தையும் பிசுபிசுப்பையும் பார்த்து முடிவெடு. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினுக்கு இந்த மூன்றுமே ஓரளவு சரியான வைத்தியம்தான். அந்த மூத்த மெக்கானிக்கின் கையால் பிழைத்த எஞ்சின்கள் எத்தனையோ. பிழை எங்கே என்றால், நோய் போன பிறகும் அதே மருந்தை நாங்கள் தொடர்ந்து குடித்துக்கொண்டிருப்பதில்தான். அப்பா மகனுக்குச் சொன்னார், மெக்கானிக் தன் உதவியாளனுக்குச் சொன்னார், கடைக்காரர் வாடிக்கையாளருக்குச் சொன்னார். கடைக்காரர் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கறுப்பு நிறம்

இனி அந்த விவசாயியின் விரலுக்கு வருவோம். எஞ்சின் ஒயில் என்பது வெறும் எண்ணெய் அல்ல. அடிப்படை எண்ணெயோடு அழுக்கை அகற்றும் இரசாயனங்களும், அகற்றிய அழுக்கு ஓரிடத்தில் படியாமல் மிதக்க வைத்திருக்கும் இரசாயனங்களும் கலக்கப்பட்டிருக்கின்றன. டீசல் எரியும்போது கரி உண்டாவது இயல்பு. அந்தக் கரியை எஞ்சின் சுவர்களில் படிய விடாமல் தன்னோடு சுமந்து திரிவதுதான் நல்ல ஒயிலின் வேலை. அதனால் டீசல் எஞ்சினில் ஊற்றிய புதிய ஒயில் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுத்துவிடும். துணி தோய்த்த தண்ணீர் கறுத்தால் சவர்க்காரம் கெட்டது என்று யாரும் சொல்வதில்லையே!

உண்மையில், பல நாள் ஓடியும் டீசல் ஒயில் பொன்னிறமாகவே இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அழுக்கு ஒயிலில் இல்லையென்றால் எஞ்சினுக்குள் எங்கோ படிகிறது என்றுதானே பொருள்?

கவலைப்பட வேண்டிய நிறம் ஒன்று உண்டு. பால்கோப்பி போல் வெளிறியிருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படிக் கண்டால் எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது. மழைக்காலத்தில் கிட்டத்து ஓட்டம் மட்டும் ஓடும் மோட்டார் சைக்கிள்களில், ஒயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை தெரியலாம். அது ஈரம் படிந்ததாகவும் இருக்கலாம். ஒரு நீண்ட ஓட்டம் ஓடிய பிறகும் மறையவில்லையென்றால்தான் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எப்போது மாற்றுவது? வாகனத்தோடு வந்த புத்தகத்தில் கிலோமீற்றர் கணக்கு இருக்கும். உழவு இயந்திரத்துக்கு மணித்தியாலக் கணக்கு. ஏனென்றால் வயலில் இரும்புச் சில்லு பூட்டிச் சேறடிக்கும் உழவு இயந்திரம் நாள் முழுக்க முழுப் பலத்தோடு வேலை செய்தும் சில கிலோமீற்றர்தான் நகர்ந்திருக்கும். லாண்ட் மாஸ்டர்களில் பலவற்றில் மணி காட்டும் மீற்றர் கிடையாது. ஒரு பழைய கொப்பியில் நாளும் மணியும் குறித்து வைக்கச் சொல்லி நான் வாடிக்கையாளர்களிடம் நச்சரிப்பதுண்டு. ஐந்தாறு பேர் உண்மையாகவே எழுதுகிறார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

தடிப்பு

"நல்ல தடிப்பான ஒயிலாத் தாங்கோ" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. எஞ்சின் பாகங்கள் அதிகம் தேய்வது ஆறியிருக்கும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில்தான். இரவு முழுக்க ஒயில் கீழே இறங்கியிருக்கும். அது மேலே ஏறிச் சேரும் வரை உலோகத்தோடு உலோகம் உரசும். ஒயில் அளவுக்கு மீறித் தடிப்பாக இருந்தால் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். புதிய எஞ்சின்களில் பாகங்களுக்கு இடையிலான இடைவெளியும் சிறியது; தடித்த ஒயிலை அந்த இடைவெளிகளுக்குள் தள்ளுவதில் எஞ்சினின் பலமும் எரிபொருளும் வீணாகின்றன.

கானில் 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30 என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது எஸ்.ஏ.ஈ. என்ற அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் கணக்கு. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முதல் இலக்கம் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக அசையும் என்பதைக் காட்டுகிறது. இலக்கம் குறையக் குறைய இலகு. இரண்டாவது இலக்கம் 100 பாகை செல்சியஸ் சூட்டில் ஒயிலின் தடிப்பைக் காட்டுகிறது.

இதில் ஒரு வேடிக்கையான தவறான எண்ணம் இருக்கிறது. 20டபிள்யூ-50 என்றால் ஆறியிருக்கும்போது 20 ஆகவும், சூடேறினால் தடித்து 50 ஆகவும் மாறும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் கடை தொடங்கிய காலத்தில் அப்படித்தான் நம்பினேன், பிறருக்கும் சொன்னேன். உலகத்தில் எந்த எஞ்சின் ஒயிலும் சூட்டில் தடிப்பதில்லை, எல்லாமே இளகும். இந்த வகை ஒயில் மற்றதைவிடக் குறைவாக இளகும், அவ்வளவுதான்.

வன்னி வெயிலுக்கு 20டபிள்யூ-50 கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய உழவு இயந்திரம், வயது போன மோட்டார் சைக்கிள் பலவற்றுக்கும், தயாரிப்பாளரே அதை எழுதியிருக்கும் வாகனங்களுக்கும் அது பொருத்தமானது. 10டபிள்யூ-30 என்று புத்தகத்தில் போட்டிருக்கும் புது ஸ்கூட்டிக்கு அதை ஊற்றுவதுதான் பிழை. புகை தள்ளும் எஞ்சினுக்கு இன்னும் தடித்த ஒயிலை ஊற்றி ஓடுவதும் இதே வகைதான். புகை சில காலம் குறையலாம். தேய்ந்த ரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும்.

நான் விட்ட பிழை

இந்த இடத்தில் என்னுடைய ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். கடை தொடங்கிய புதிதில், 100 சீசீ மோட்டார் சைக்கிளில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் வந்தார். அவர் கேட்ட மோட்டார் சைக்கிள் ஒயில் என்னிடம் முடிந்திருந்தது. வாடிக்கையாளரை விட மனமில்லாமல், காருக்குரிய ஒயிலைக் கொடுத்தேன். "இது இன்னும் நல்லது, விலையும் கூட" என்று பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

சில நாட்களில் அவருடைய வண்டி இழுக்க மறுத்தது. எஞ்சின் அலறும், சில்லு சுற்றாது. கராஜில் கிளச் பிளேட் எல்லாம் மாற்றினார். அதன் பிறகும் அதே கதை. அந்த நாட்களில் விடியற்காலையில் மீன் எடுக்கப் போக முடியாமல் எத்தனை நாள் உழைப்பை இழந்தாரோ, நான் கேட்கவில்லை, கேட்கப் பயந்தேன். கடைசியில் ஒயிலை மாற்றிய பிறகே வண்டி சரியானது.

காரணம் எளிது. காரில் எஞ்சினுக்கு ஒரு ஒயில், கியர் பெட்டிக்கு வேறு ஒயில். கிளச் ஒயிலில் நனைவதே இல்லை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஒயிலில் ஊறுகின்றன. எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காகச் சில கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் இரசாயனம் சேர்ப்பார்கள். கிளச் வேலை செய்வதே உராய்வினால்தான். உராய்வு போனால் கிளச் வழுக்கும். ஜப்பானியர்கள் இதற்கென்றே 1990களின் கடைசியில் ஜாசோ என்ற தரக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். கிளச் ஒயிலில் நனையும் மோட்டார் சைக்கிளுக்கு ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று கானில் இருக்க வேண்டும். கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டிகளுக்கு எம்.பி. போதும், ஏனெனில் அவற்றின் கிளச் ஒயிலில் நனைவதில்லை.

அந்த வியாபாரிக்குக் கிளச் பிளேட்டின் காசை நான் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். விலை கூடிய ஒயில் என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்ற எண்ணம் அன்றோடு என்னை விட்டுப் போனது.

கானில் பார்க்க வேண்டிய இன்னொன்று ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் எழுத்துகள். 'எஸ்' என்று தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. அடுத்த எழுத்து ஆங்கில அகரவரிசையில் பின்னுக்குப் போகப் போகத் தரம் புதியது. எஸ்.எல். 2001 இலும், எஸ்.எம். 2004 இலும், எஸ்.என். 2010 இலும் வந்தவை. கம்பனியின் பெயரைவிட இந்தச் சிறிய எழுத்துகளே முக்கியம். எங்கள் நாட்டில் ஒயில் என்றாலே ஒரே கம்பனி என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று பல கம்பனிகளின் ஒயில் இறக்குமதியாகிறது, இங்கேயே கலந்தும் விற்கப்படுகிறது. எழுத்தும் இலக்கமும் பொருந்தினால், பெயருக்காக மேலதிகமாகக் காசு கொடுக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே ஒரு நிபந்தனை: மூடியின் சீல் உடையாமல் இருக்க வேண்டும். வெறும் கான்களைச் சுத்தமாகக் கழுவி, சேதமில்லாமல் விலைக்கு எடுப்பவர்கள் எதற்காக எடுக்கிறார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் கடையில் வெறும் கானை ஆணியால் துளைத்த பிறகே வெளியில் போடுகிறேன்.

மட்டம் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள்

"என்ர வண்டி ஒயில் குடிக்காது நானா, மட்டம் கூடித்தான் கிடக்கு" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். ஒயில் தானாகக் கூடாது. கூடியிருந்தால் வேறு ஏதோ உள்ளே வருகிறது. உழவு இயந்திரத்தில் டீசல் ஏற்றும் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் தகடு கிழிந்தால், டீசல் நேரே ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் பார்க்கும் கம்பியை மணந்து பாருங்கள். டீசல் மணம் அடித்தால் அன்றைக்கே வேலையை நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்தில் நடந்ததுதான் இங்கும் நடக்கிறது, வேறு வழியால்.

மட்டம் பார்ப்பதிலும் பிழை விடுகிறோம். வண்டி சம தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். பல மோட்டார் சைக்கிள்களில் கம்பியைத் துடைத்து உள்ளே விட்டுப் பார்க்க வேண்டுமே தவிர, திருகிப் பூட்டிப் பார்க்கக் கூடாது. திருகினால் கம்பி ஆழமாகப் போய், இல்லாத ஒயிலை இருப்பதாகக் காட்டும். 100 சீசீ மோட்டார் சைக்கிள்கள் பலவற்றுக்கு மொத்தமே ஒரு லீற்றர்கூடப் போகாது. அதில் 200 மில்லிலீற்றர் குறைந்தால் அது பெரிய குறைவு.

எங்கள் பகுதியில் இன்னும் விடாத ஒரு பழக்கம், ஒயில் மாற்றும்போது மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினைக் "கழுவுவது". உள்ளே மூலைமுடுக்கில் தங்கும் மண்ணெண்ணெய் புது ஒயிலை முதல் நாளே இளக்கிவிடும். இளகிய பழைய கசடு போய் வடியை அடைக்கும். 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்ட மாதங்களில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது. அதைத் தாங்கிக்குள்ளேயே ஊற்றி ஓடியவர்களும் உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் அது 340 ரூபாவாக ஏறிய பிறகுதான் அந்த ஆசை அடங்கியது. அப்படி ஓடிய எஞ்சின்கள் சில பிறகு கராஜுக்கு வந்தபோது, அந்த மூத்த மெக்கானிக் ஒயிலை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "தொண்ணூறாம் ஆண்டு திரும்பி வந்திட்டுது" என்றார்.

ஒயிலுக்கு வெளியே இருக்கும் எதிரி

ஒயிலைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் விவசாயிகள் பலர் கவனிக்காத ஒன்று காற்று வடி. பழைய மசி பெர்குசன் போன்றவற்றில் காற்று வடியின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதற்குள் குறித்த மட்டத்துக்கு ஒயில் நிற்க வேண்டும். உள்ளே இழுக்கப்படும் காற்றிலுள்ள புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும். புழுதி உழவும் சூடடிப்பும் நடக்கும் நாட்களில் அந்தக் கிண்ணத்தைத் திறந்து பார்த்தால், சிலவற்றில் ஒயிலே இருக்காது, சேறுதான் இருக்கும். அதன் பிறகு புழுதி நேரே சிலிண்டருக்குள் போகிறது. எங்கள் மண்ணில் இருக்கும் மணல் துகள் பிஸ்டன் ரிங்குக்கு அரத்தாள் மாதிரி. விலை கூடிய ஒயில் ஊற்றியும் அடுத்த போகத்தில் நீலப் புகை தள்ளுகிறது என்று வருவோரிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான். கறுத்த விரலோடு வந்த அந்த விவசாயியிடமும் கேட்டேன். அவர் அதை எப்போது திறந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்துவிட்டு, பின்னேரம் திரும்பி வந்து அரை லீற்றர் ஒயில் வாங்கிப் போனார். கான் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் இலாபம் அதில் இல்லை. ஆனால் இப்போது அவருடைய அயலவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள்.

2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி முடங்கியிருந்ததால் உள்ள வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. எஞ்சின் ஒன்று இறுகினால் அதை மீண்டும் எழுப்புவதற்குச் சிலர் நகையை அடகு வைக்கிறார்கள்.

கடைசியாக, கழற்றிய பழைய ஒயில். வேலிக் கட்டைக்குக் கறையானுக்காகப் பூசுகிறோம், மாட்டின் புண்ணுக்குத் தடவுகிறோம், மிச்சத்தைப் பின்வளவில் ஊற்றுகிறோம். எஞ்சினில் ஓடிய ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்களும் உலோகத் துகள்களும் சேர்ந்திருக்கும். புண்ணில் தடவக் கூடியதல்ல. நாங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊர். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றியிருந்த கிணறுகளுக்குள் இறங்கிய விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் அந்தக் கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமென்று தீர்ப்பானது. எங்கள் கராஜ்களில் இருந்து வடிவது அந்த அளவு இல்லைதான். ஆனால் குளத்துக்குப் போகும் வாய்க்கால் எல்லாக் கராஜுக்கும் பின்னால்தான் ஓடுகிறது.

என் கடைக்குப் பின்னால் ஒரு பீப்பா வைத்திருக்கிறேன். கராஜ்காரரும் விவசாயிகளும் பழைய ஒயிலைக் கொண்டுவந்து அதில் ஊற்றலாம்; நிறைந்ததும் கழிவு ஒயில் சேகரிப்பவர் வந்து காசு கொடுத்து எடுத்துப் போவார். வைக்க விரும்புவோர், சேகரிப்பவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாரி தொடங்குமுன் பீப்பாவின் வாயை இறுக மூடிவிடவும் வேண்டும். தண்ணீர் கலந்த ஒயிலை அவர்கள் எடுக்க மாட்டார்கள்.